விகாபாட்ரின்: கைக்குழந்தைக்கு அளந்து கொடுக்கும் முறை

குழந்தை தூங்கி எழுந்ததும் தலை முன்னால் கவிழும், இரண்டு கையும் விரியும், உடம்பு வெடுக்கென்று மடங்கும். ஒன்றிரண்டு நொடிதான். சற்று விட்டு மறுபடி வரும், அப்படியே வரிசையாகப் பத்து, இருபது தடவை. வீட்டில் "தூக்கிப் போடுது", "பயந்திருக்கு", "வயித்துவலி" என்பார்கள். இது வலிப்பு, பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்துக்குள் தொடங்குவது. வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் சொந்த மகனுக்கு வந்ததை 1841-இல் எழுதினார். அவர் பெயரிலேயே வெஸ்ட் சிண்ட்ரோம் என்கிறார்கள். கைகால் வெட்டி இழுக்காததால் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் நாள் தள்ளத் தள்ளப் பிள்ளையின் வளர்ச்சி பின்தங்கும். மந்திரித்துத் திருநீறு போடுவதானால் போடுங்கள். செல்போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை மருத்துவரிடமும் போய்விடுங்கள். அந்த வீடியோவும், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனையும் சேர்ந்தால்தான் நோய் உறுதியாகும்.

இதற்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று விகாபாட்ரின். டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பிறவி நோயால் வந்த வலிப்பானால் முதலில் எடுப்பதே இதைத்தான். மற்றக் குழந்தைகளுக்குத் தனியாகவோ, ஸ்டீராய்டோடு சேர்த்தோ எழுதுவார்கள். நல்ல மருந்து. ஆனால் கண்ணின் ஓரப் பார்வையைக் குறைக்கக் கூடியது, குறைந்தது திரும்ப வராது. அளவு கூடக் கூட, மாதம் ஏற ஏற அந்த ஆபத்தும் ஏறும். அதனால் இந்த மருந்தில் இரண்டு கணக்கு தப்பக் கூடாது: ஒவ்வொரு வேளையும் எத்தனை மி.லி., மொத்தம் எத்தனை மாதம்.

தொடங்கும் முன் மருத்துவரிடம் நாலு விஷயம் சொல்லுங்கள்: குழந்தையின் இன்றைய எடை, சிறுநீரகக் கோளாறு ஏதும் உண்டா, இப்போது என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள், கண்ணில் ஏற்கெனவே குறை உண்டா. விகாபாட்ரின் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் சரியில்லாவிட்டால் மருந்து உடம்பில் தேங்கும், அளவைக் குறைக்க வேண்டிவரும்.

கரைப்பது எப்படி

500 மி.கி. பவுடர் பாக்கெட்டாகவோ, 500 மி.கி. மாத்திரையாகவோ கிடைக்கும். பாக்கெட்டைத் தட்டிப் பவுடரைக் கீழே இறக்கி, கத்தரியால் வெட்டி, சுத்தமான கண்ணாடி டம்ளரில் முழுதும் கொட்டுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீர் 10 மி.லி. ஊற்றுங்கள். ஆறியதுதான், சூடாக வேண்டாம். அந்த 10 மி.லி.யைச் சிரிஞ்சால் அளக்க வேண்டும். "ஒரு மூடி", "ரெண்டு ஸ்பூன்" என்று கண்ணளவில் ஊற்றினால் பிறகு எவ்வளவு கவனமாக அளந்தாலும் கணக்கு தப்புதான். நன்றாகக் கலக்கினால் பவுடர் தெளிவாகக் கரைந்துவிடும். கண்ணாடி டம்ளர் என்பதே அது தெரிய வேண்டும் என்பதற்காக. கலங்கலோ கட்டியோ இருந்தால் இன்னும் கலக்குங்கள்.

மாத்திரைதான் கிடைத்தது என்றால், கரைத்துக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சரி என்றால் இரண்டு எவர்சில்வர் ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கிக் கரையுங்கள். அம்மி, மிக்ஸி வேண்டாம், பாதி மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மாத்திரையின் மேல்பூச்சு துணுக்காக மிதக்கும், அடியிலும் நிற்கும். உறிஞ்சுவதற்குச் சற்று முன் மறுபடி கலக்குங்கள்.

இப்போது 1 மி.லி.யில் 50 மி.கி. மருந்து இருக்கிறது. சீட்டில் எழுதியுள்ள ஒரு வேளை மி.கி.யை 50-ஆல் வகுத்தால் எத்தனை மி.லி. என்று வந்துவிடும். 8 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். வழக்கமாகத் தொடங்குவது ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 மி.கி. மொத்தம் 400 மி.கி., இரண்டு வேளையாக 200, 200. வேளைக்கு 4 மி.லி. மூன்று நாளுக்கு ஒருமுறை போலக் கூட்டிக்கொண்டே போவார்கள். கிலோவுக்கு 100 மி.கி. ஆகும்போது வேளைக்கு 8 மி.லி. உச்ச அளவு கிலோவுக்கு 150 மி.கி.; அங்கே வேளைக்கு 600 மி.கி., ஒரு பாக்கெட் போதாது. இரண்டு பாக்கெட்டை 20 மி.லி.யில் கரைத்து 12 மி.லி. எடுக்க வேண்டும். இரண்டு பாக்கெட்டையும் 10 மி.லி.யிலேயே கரைத்து 12 மி.லி. தேடித் திண்டாடுவதும், பிறகு மேலே தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டுவதும்தான் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. இந்த எண்கள் கணக்கு புரிவதற்கு மட்டுமே. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதையும் எந்தத் தேதியில் கூட்டுவது என்பதையும் மருத்துவர்தான் எழுத வேண்டும். சீட்டில் மி.கி. மட்டும் இருந்தால் அங்கேயே நின்று, "எத்தனை மி.லி. டாக்டர், பக்கத்துலேயே எழுதிக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.

ஊசி கழற்றிய சிரிஞ்ச் போதும். 5 மி.லி. சிரிஞ்சில் சின்னக் கோடு பெரும்பாலும் 0.2 மி.லி.; 10 மி.லி.யில் வேறாக இருக்கலாம். வாங்கியதும் எண்ணிப் பாருங்கள். எந்தக் கோடு வரை என்று சின்னப் பிளாஸ்திரித் துண்டு ஒட்டி, அதில் தேதி எழுதி வைத்தால் ஆச்சியோ சித்தியோ கொடுக்கும் வேளையிலும் தப்பாது. அளவு மாறிய அன்றே பழைய துண்டைக் கிழித்துவிடுங்கள். ஒட்டியபடி விட்டால் கூட்டிய அளவு சீட்டில் இருக்கும், பிள்ளைக்குப் போவது பழைய அளவாக இருக்கும்.

மீந்த கரைசலைக் கொட்டிவிட வேண்டும். விலையை நினைத்தால் மனசு வராதுதான். ஆனால் காலையில் கரைத்ததை மூடி வைத்து ராத்திரிக்குக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு வேளைக்கும் புதுசாகக் கரையுங்கள்.

புகட்டும்போது

குழந்தையைப் படுக்கவைத்துப் புகட்டாதீர்கள். மடியில் தலையை உயர்த்திப் பிடித்து, சிரிஞ்ச் நுனியைக் கன்னத்தின் உட்பக்கம் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். முழுங்கியதும் அடுத்த சொட்டு. தொண்டையைப் பார்த்துப் பீய்ச்சினால் புரையேறும். தூக்கிப் போடும் வரிசை ஓடிக்கொண்டிருந்தால் அது நின்று பிள்ளை நன்றாக விழித்த பிறகுதான் கொடுக்க வேண்டும். சங்கு நிறையப் பாலில் மருந்தைக் கலக்காதீர்கள். பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு தாய்ப்பால் கொடுங்கள். வெறும் வயிறா, பால் குடித்த வயிறா என்ற கவலை வேண்டாம், இரண்டும் ஒன்றுதான்.

ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. கொடுத்ததும் வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்பதை முதல் நாளே மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு யோசிக்கிற விஷயம் இல்லை அது.

என்ன வரும், எதற்கு ஓட வேண்டும்

தூக்கம், சிணுங்கல், உடம்பு தொளதொளப்பு, பாலில் நாட்டமின்மை இவை வரலாம். லேசாக இருந்தால் அடுத்த முறை சொன்னால் போதும். எழுப்பினாலும் எழாத தூக்கம், பால் இழுத்துக் குடிக்க முடியாமை, மூச்சு திணறல் என்றால் அன்றைக்கே கொண்டுபோங்கள். வயிற்றுப்போக்கில் நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் மதுரையில் கைக்குழந்தை சீக்கிரம் வறண்டுவிடும், மருந்து தேங்குவதும் அப்போதுதான். சில குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ.யில் மூளையின் உட்பகுதியில் மாற்றம் தெரியும். அளவைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ பெரும்பாலும் அது சரியாகிவிடும்.

கண்ணைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஓரப் பார்வை குறைவதைக் கைக்குழந்தை சொல்லாது. பெற்றவர்களாலும் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் நேரே காட்டிய கிலுகிலுப்பையைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கும். எனவே "நல்லாத்தானே பாக்குறான்" என்று பரிசோதனையைத் தள்ளாதீர்கள். மருந்து தொடங்கி 4 வாரத்துக்குள் ஒன்று, பிறகு 3 மாதத்துக்கு ஒன்று, நிறுத்திய பின் 3 முதல் 6 மாதத்துக்குள் ஒன்று. கண் பரிசோதனைக்கு நாள் கிடைக்கவில்லை என்று வலிப்பு மருந்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம். 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நம் மதுரை அண்ணா நகரிலேயே இருக்கிறது, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவும் உண்டு. வெளியூர்க்காரர்கள் பலருக்கு இல்லாத வசதி இது. போகும்போது "விகாபாட்ரின் சாப்பிடுகிற குழந்தை" என்று முதலிலேயே சொல்லுங்கள். சாதாரணக் கண்ணாடிப் பரிசோதனை இதற்குப் போதாது.

ஸ்டீராய்டும் சேர்ந்து ஓடினால் தடுப்பூசிக்குப் போகும்போது கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். 9 மாதத் தட்டம்மை ஊசி போன்ற உயிர்க்கிருமி ஊசிகளைத் தள்ளிப்போட நேரலாம்.

5 நிமிடத்துக்கு மேல் நிற்காமல் வெட்டினால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கையில் இரும்புச் சாவி திணிப்பதோ, வாயில் ஸ்பூன் வைப்பதோ, தண்ணீர் ஊற்றுவதோ கூடாது. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரே எழுதித் தந்திருந்தால் எத்தனை அடி என்பதோடு, ஓர் அடிக்கு எத்தனை மி.கி. என்பதையும் பாட்டிலில் பாருங்கள். 0.5 மி.கி.யும் உண்டு, 1.25 மி.கி.யும் உண்டு. கடையில் மாற்றிக் கொடுத்தால் அதே எண்ணிக்கையில் இரண்டரை மடங்கு போய்விடும்.

நோட்டும் கையிருப்பும்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எடை, எத்தனை மி.லி., இன்று எத்தனை வரிசை, ஒரு வரிசையில் எத்தனை தடவை. மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை போட்டு எழுதுங்கள். கைக்குழந்தைக்கு எடை வேகமாக ஏறும், பழைய எடைக்கு எழுதிய அளவு போதாமல் போகும்.

எல்லா மெடிக்கலிலும் இந்த மருந்து இருக்காது. எப்போதும் 10 நாள் மருந்து கையில் இருக்கட்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பக்கம் ஆள் நகர முடியாது. அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகிறவர்களும் அந்த வழிதான். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். தீபாவளி, பொங்கலுக்கும் அப்படியே. மருந்து தீர்ந்து திடீரென நின்றால் அடங்கியிருந்த வலிப்பு இன்னும் கடுமையாகத் திரும்பும்.

நிறுத்துவது

பலன் தெரிவதானால் சில வாரத்திலேயே தெரியும். 2 முதல் 4 வாரம் சரியான அளவு கொடுத்தும் வரிசை குறையவில்லை என்றால் "இருக்கட்டும், பார்ப்போம்" என்று ஓட்டாமல் நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். பலன் இல்லாத மருந்துக்காகக் கண்ணைப் பணயம் வைக்கக் கூடாது. பலன் தெரிந்தால் இ.இ.ஜி.யை மறுபடி எடுப்பார்கள், கண்ணுக்குத் தெரியத் தூக்கிப் போடுவது நின்றாலும் மூளையில் அலை அடங்கியதா என்று பார்க்க. பெரும்பாலும் 6 மாதம் போலக் கொடுத்து, மூன்று நான்கு நாளுக்கு ஒரு படியாகவோ இன்னும் மெதுவாகவோ குறைத்து நிறுத்துவார்கள். ஒவ்வொரு படியின் மி.லி.யையும் தேதியையும் எழுதி வாங்குங்கள். 6 மாதம் நெருங்கியும் யாரும் பேச்செடுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிள்ளைக்கு எட்டு ஒன்பது வயதாகி, உட்கார்ந்து விளக்கைப் பார்த்துப் பொத்தானை அழுத்தத் தெரிந்த பிறகுதான் ஓரப் பார்வையை முழுதாக அளக்க முடியும். அன்றைக்குக் கண் மருத்துவர் கேட்பது, எத்தனை மாதம் கொடுத்தீர்கள், உச்ச அளவு என்ன என்பதைத்தான்.