பாறை நிலத்தில் போர்வெல் போடப் போகிறீர்களா? முதல் முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம் பக்கம் போர்வெல் போடுவது என்றால் பாறையைத் துளைப்பது என்றுதான் பொருள். கடலோர மாவட்டங்களைப் போல மணல் அடுக்குகளில் தண்ணீர் பரவிக் கிடக்கும் நிலம் இங்கே குறைவு. தண்ணீர் பாறை வெடிப்புகளில் ஓடுகிறது. துளை வெடிப்பைத் தொட்டால் ஊற்று, தொடாவிட்டால் வெறும் புழுதி. பக்கத்து வீட்டில் 200 அடியில் கிடைத்தது என்பதற்காக உங்கள் மனையிலும் அதே ஆழத்தில் கிடைக்கும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள்.

1. தேவையை முதலில் கணக்கிடுங்கள்

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 600 முதல் 1,000 லிட்டர் போதும். தோட்டம், மாடு, தென்னை இருந்தால் கணக்கு வேறு. இந்த எண் கையில் இல்லாமல் வண்டியை வரவழைத்தால், துளையை எப்போது நிறுத்துவது என்று உங்களுக்குத் தெரியாது. போடுவதற்கு ஏற்ற காலம் ஏப்ரல், மே. நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது கிடைக்கிற ஊற்றைத்தான் நம்ப முடியும். மழை முடிந்த கையோடு டிசம்பரில் துளையிட்டு, பொங்கி வந்த தண்ணீரைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் பலர் சித்திரையில் லாரித் தண்ணீர் வாங்கியிருக்கிறார்கள்.

2. இடம்

நிலத்தடி நீர் ஆய்வு என்பது தரையில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்தி, மண்ணும் பாறையும் காட்டும் மின்தடையை அளப்பது. மக்கிய பாறை எவ்வளவு ஆழம், கெட்டிப் பாறை எங்கே தொடங்குகிறது என்பதை ஓரளவு சொல்லிவிடும். ஈரமான களிமண்ணும் தண்ணீரைப் போலவே குறைந்த தடையைக் காட்டும் என்பதால், இதுவும் ஒரு மதிப்பீடுதான். விவசாய நிலம் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். தனியாரைவிடக் குறைந்த கட்டணம்.

உள்ளங்கையில் தேங்காய் வைத்தோ, வேப்பங்குச்சி பிடித்தோ நீரோட்டம் பார்ப்பவரை அழைக்காமல் ஊரில் யாரும் போர் போடுவதில்லை. முறையாக நடத்தப்பட்ட சோதனைகளில் இந்த முறை குருட்டு அதிர்ஷ்டத்தைவிட மேலானது என்று நிரூபணமாகவில்லை. வீட்டுப் பெரியவர்களின் மனம் கோண வேண்டாம் என்றால் அழையுங்கள். ஆனால் கழிவுநீர்த் தொட்டியிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்பதைத் தேங்காய்க்காக விட்டுக்கொடுக்காதீர்கள். துளையிடும் ரிக் வண்டியும், காற்றழுத்தம் தரும் கம்ப்ரசர் வண்டியும் உள்ளே வர வழி இருக்கிறதா, வண்டியின் கம்பம் நிமிர்ந்தால் மேலே மின்கம்பி தட்டுமா என்பதையும் பாருங்கள்.

3. அனுமதி

ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என எங்கிருந்தாலும் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். துளையிடுவதற்கு 15 நாட்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. ரிக் வண்டி பதிவு பெற்றதா என்றும் கேளுங்கள்.

4. ஏஜென்டிடம் பேச வேண்டியவை

ரிக் வண்டி என்றால் திருச்செங்கோடு. நாட்டின் பல மாநிலங்களில் ஓடும் வண்டிகள் அங்கிருந்து போனவை. பெரும்பாலும் நீங்கள் பேசப்போவது வண்டி உரிமையாளரிடம் அல்ல, உள்ளூர் ஏஜென்டிடம். அவர் சொல்லும் அடி விலை முதல் சில நூறு அடிகளுக்கு மட்டும்தான். அதற்கு மேல் ஒவ்வொரு 100 அடிக்கும் விலை ஏறும். முழுப் பட்டியலையும் தாளில் எழுதி வாங்குங்கள். துளையின் மேல்பகுதியில் மண் சரியாமல் காக்கும் கேசிங் பைப் தனி விலை. துளையைக் கழுவும் ஃப்ளஷிங், ஆட்களுக்கான பேட்டா, குறைவாகத் துளைத்தாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்ச அடிக் கணக்கு ஆகியவை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். துளை சரிந்து, பாறையை இடிக்கும் ஹேமர் சிக்கிக்கொண்டால் யார் பொறுப்பு என்பதையும்.

வீட்டுக்கு ஆறரை இஞ்ச் துளை போதும்.

5. துளையிடும் நாள்

வண்டி நள்ளிரவிலும் வரும். எந்த நேரமானாலும் நீங்களே பக்கத்தில் நில்லுங்கள், கையில் ஒரு நோட்டுடன். எலுமிச்சம்பழம், கற்பூரம் வைத்துப் பூசை முடிந்ததும் வேலை தொடங்கும்.

முதலில் மண்ணும் மக்கிய பாறையும் வரும். கெட்டிப் பாறை தட்டியதும் கேசிங் இறக்குவார்கள். அது பாறைக்குள் சில அடியாவது அழுத்தமாக உட்கார வேண்டும். பைப் விலையை மிச்சப்படுத்த இதில் கஞ்சத்தனம் காட்டினால், பிறகு மண் சரியும், மழைநீரும் அழுக்கும் உள்ளே இறங்கும். மோட்டார் சிக்கிக்கொண்டு போரையே கைவிட நேரலாம். தரைக்கு மேல் ஓர் அடிக்குக் குறையாமல் பைப் நிற்கட்டும்.

அதன் பிறகு ஹேமர் பாறையை இடிக்க, கம்ப்ரசர் காற்று தூளை மேலே தள்ளும். ஹேமரைத் தாங்கி இறங்கும் இரும்புத் தண்டான ராடு ஒன்று எத்தனை அடி என்று முதலிலேயே அளந்துகொண்டு, இறங்கும் ராடுகளை எண்ணுங்கள். மொத்த ஆழத்தைச் சரிபார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. ஒவ்வொரு ராடு மாற்றும்போதும் தூளின் நிறம், ஈரம், தண்ணீர் ஆகியவற்றைக் குறியுங்கள். உலர்ந்த சாம்பல் நிறத் தூள் என்றால் கெட்டிப் பாறை. சில்லுகளில் துருப்பிடித்த பழுப்பு நிறம் தெரிந்தால் அந்த வெடிப்பில் தண்ணீர் நடமாடியிருக்கிறது. ராடு திடீரென்று விருட்டென இறங்கினால் பாறையில் இடைவெளி இருக்கிறது. இந்தக் குறிப்பு பின்னால் மோட்டார் இறக்கவும், பல ஆண்டு கழித்துப் பழுது பார்க்கவும் உதவும்.

கிடைத்த தண்ணீரை 'ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச்' என்று சொல்வார்கள். அது ஆங்கில 'வி' வடிவில் வெட்டிய பலகையின் வழியே ஓடும் நீரின் உயரம். செங்கோண வெட்டு என்றால் ஒரு இஞ்ச் மணிக்குச் சுமார் 500 லிட்டர், இரண்டு இஞ்ச் சுமார் 2,900 லிட்டர், மூன்று இஞ்ச் ஏறக்குறைய 8,000 லிட்டர். உயரம் இரட்டித்தால் தண்ணீர் ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது! அதே கணக்கில் அரை இஞ்ச் என்பது மணிக்கு 90 லிட்டர். கேட்கச் சொற்பம்தான். ஆனால் நாள் முழுவதும் ஊறினால் 2,000 லிட்டரைத் தாண்டும். உங்கள் வீட்டுக்கு அதுவே அதிகம்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் பணம் கரைகிறது. 'இன்னும் 100 அடி போனால் கிடைத்துவிடும்' என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். ஆழம் கூடக்கூட வெடிப்புகள் பொதுவாகக் குறையும், அடி விலையோ ஏறும். ஊற்றே இல்லாத பாறையில் ஆறரை இஞ்ச் துளையை 100 அடி நீட்டினால் கிடைப்பது 650 லிட்டர் தேங்கும் இடம் மட்டும். மொட்டை மாடித் தொட்டி அதைவிட மலிவு. உச்சவரம்பை முந்தைய நாளே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

6. தண்ணீர் இல்லையென்றால்

அன்றே மூடுங்கள். மூடியை மேலே வைத்தால் மட்டும் போதாது. கல்லும் மண்ணும் கொட்டி அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபரில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில்தான். தண்ணீர் கிடைத்த துளைக்கும் மோட்டார் வரும்வரை இரும்பு மூடி பூட்டியிருக்கட்டும். பைப்பைச் சுற்றி, தரைக்குக் கீழே ஓர் அடியும் மேலே ஓர் அடியுமாகக் காங்கிரீட் மேடை கட்டுங்கள்.

7. மோட்டார்

அவசரப்படாதீர்கள். இரண்டொரு நாளில் நீர்மட்டம் நிலைத்த பிறகு, கயிற்றில் எடை கட்டி இறக்கி அளந்துகொள்ளுங்கள். குதிரைத்திறனைத் தீர்மானிப்பது இறைக்கும்போது நீர் எங்கே நிற்கும், தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, மணிக்கு எவ்வளவு தேவை என்பவை. போரின் மொத்த ஆழத்தைச் சொல்லி மோட்டார் கேட்டால் கடைக்காரர் பெரிதாகவே தருவார். ஊறுவதைவிட வேகமாக இறைக்கும் மோட்டார் வறண்டு ஓடிக் கருகும். வறண்டால் தானே நிற்கும் வசதியுள்ள பேனல் (மோட்டாரை இயக்கும் சுவிட்ச் பெட்டி) வாங்குங்கள். அடியில் சேறு இருக்கும் என்பதால் மோட்டாரை 20, 30 அடி மேலே தொங்கவிட வேண்டும்.

8. பரிசோதனை

கலங்கல் தீரும்வரை இறைத்துவிட்டு, குடிப்பதற்கு முன் மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிப் பாறைகளில் புளோரைடு அதிகம். குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. அளவு மீறியிருந்தால் அந்த நீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொண்டு, குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீரைப் பிடியுங்கள்.