கல்லூரிக் கூடைப்பந்து அணியின் தலைசிறந்தவர் யார்: வாதிடும் முறை

சென்னைக் கல்லூரி அணியொன்றின் தலைசிறந்த வீரர் யாரென்று பழைய மாணவர்களோடு வாதிடுமுன், அவர் எந்த விதிகளின்கீழ் ஆடினார் என்று பாருங்கள். பன்னாட்டு விதிகளில் மூன்று புள்ளிக் கோடு, அதாவது அதற்கு வெளியிலிருந்து போடும் கூடைக்கு இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் கோடு, 1984-இல்தான் வந்தது. 2010-இல் அது 6.25 மீட்டரிலிருந்து 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது. எனவே 1970-களில் தொலைவிலிருந்து எறிந்தவரின் மொத்தப் புள்ளிகளை இன்றைய வீரருடையதோடு அப்படியே ஒப்பிடுவது அநியாயம்.

அமெரிக்காவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியில் கரீம் அப்துல் ஜப்பார் ஆடிய கடைசி இரண்டு பருவங்களில் டங்க் அடிப்பதே, அதாவது எம்பிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் கையால் திணிப்பதே, தடைசெய்யப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் 1967 முதல் 1969 வரை மூன்று தேசியக் கல்லூரிப் பட்டங்களையும் அவ்வணியே வென்றது.

ஸ்கோர் ஷீட்டில் பதிவாகாத தடுப்பாட்டத்தையும், மே மாத வெயிலில் கொதிக்கும் சிமெண்ட் தரையில் கடைசிக் கால்பகுதியிலும் தளராமல் ஓடிய கால்களையும், உடன் ஆடியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என்னைப் பொறுத்தவரை அதற்கே எடை அதிகம்.