நோயாளிகளைச் சந்திக்கும் ஊழியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர்களை மருத்துவமனைச் சந்திப்புக்கு அழைத்துச் செல்வது எங்கள் சபையின் வழக்கம். ஆண்டுதோறும் முகங்கள் மாறினாலும், அந்த வயதில் நாங்கள் பேசிய அதே வாசகங்களை அவர்களும் கட்டிலருகே நின்று பேசுகிறார்கள். வார்டில் உரக்கப் பாடக் கூடாது, மருத்துவர் வரும்போது விலகி நிற்க வேண்டும் என்பனவற்றை முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வார்கள். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

காரணம் தேடுதல்

"இது எதனால் வந்தது என்று உங்களை ஆராய்ந்து பார்த்தீர்களா?" என்று நோயாளியிடம் கேட்காதீர்கள். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள், இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டபோது, இயேசு இரண்டையும் மறுத்தார். எல்லாவற்றையும் இழந்து நோயில் விழுந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து பேசாதிருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள். பாவத்தையும் நோயையும் இணைக்கும் பகுதிகள் வேதத்தில் இல்லாமலில்லை. ஆனால் திருவிருந்தில் அபாத்திரமாய்ப் பங்குபெற்றதால் பலர் வியாதிப்பட்டிருக்கிறார்கள் என்று 1 கொரிந்தியர் 11-இல் பவுல் ஒரு சபை முழுவதையும் கண்டித்து எழுதியது, தனியொருவரின் தலைமாட்டில் நின்று நாம் ஊகம் சொல்வதற்கான அனுமதி ஆகாது.

மருந்தை நிறுத்தச் சொல்லுதல்

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

எங்கள் பகுதியில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த ஒருவருக்குக் காசநோய் வந்தது. அரசு மருத்துவமனையில் இலவசமாக மாத்திரை கிடைத்தது; சபையாரும் ஜெபித்தோம். இரண்டு மாதத்துக்குள் இருமல் நின்று, மாலைக் காய்ச்சல் விட்டு, உடம்பு தேறத் தொடங்கியது. அப்போது அவரைப் பார்க்க வந்த வெளியூர் ஊழியர் ஒருவர், ஜன்னல் விளிம்பில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆண்டவர் சுகம் கொடுத்த பிறகும் இது எதற்கு, பிரதர்? இது அவிசுவாசம் அல்லவா?" என்றார். ஆட்டோக்காரர் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

காசநோய்க்கான வழக்கமான சிகிச்சை 6 மாதம். முதல் 2 மாதத்தில் நான்கு மருந்துகள் பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடுவதால் நோயாளிக்குச் சுகமானதுபோலவே இருக்கும். அடுத்த 4 மாத மருந்து, ஒளிந்திருக்கும் மிச்சக் கிருமிகளுக்கானது. இடையில் நிறுத்தினால் எஞ்சியவை பெருகுவதோடு, மருந்துக்குக் கட்டுப்படாதவையாகவும் மாறலாம். அவருக்கு அப்படித்தான் ஆயிற்று. மறுமுறை சிகிச்சை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீண்டது. அக்காலத்தில் போட்ட ஊசியால் செவித்திறன் குறைந்தது. நோய் திரும்பியபோது அந்த ஊழியர் வரவில்லை. "அவருக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லியனுப்பியதாகக் கேள்விப்பட்டேன்.

இப்படிப் பேசுகிறவர்கள் யூதாவின் ராஜாவான ஆசாவைத் துணைக்கு அழைப்பார்கள். அவன் தன் நோயில் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளை, அதாவது மருத்துவர்களை, மட்டுமே தேடினான் என்பதுதான் 2 நாளாகமம் 16-இன் குற்றச்சாட்டு. பரிகாரிகளிடம் போனதே குற்றம் என்று அங்கே இல்லை. சாகும் தறுவாயில் இருந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுப்பதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அவனுடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து பிறகு மானிப்பாயில் பணி செய்த மிஷனெரி மருத்துவர் சாமுவேல் கிறீனும், வேலூரில் 1900-இல் சிறிய மருத்துவப் பணியைத் தொடங்கிய மிஷனெரி ஐடா ஸ்கடரும் ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்தவில்லை.

மருந்து எடுப்பதில்லை என்று தமக்காகவே தீர்மானித்துக்கொண்ட விசுவாசிகளை நான் அறிவேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அவர்கள் தங்கள் உடலை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். அடுத்தவரின் மாத்திரையைத் தொடுகிறவரோ எதையும் பணயம் வைப்பதில்லை.

காசநோய் சுகமாகிவிட்டதாக ஒருவர் சொன்னால் சந்தோஷப்படுங்கள். பிறகு மருத்துவரிடம் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். பத்துக் குஷ்டரோகிகளை, குஷ்டம் நீங்கியதா என்று சோதித்துச் சொல்லும் ஆசாரியர்களிடம் போய்க் காண்பிக்கும்படி இயேசுவே அனுப்பினார். சோதித்துப் பார்ப்பதால் தெய்வீக சுகத்துக்குக் குறைவு வந்துவிடாது. சர்க்கரை நோய்க்கான இன்சுலினும் வலிப்பு நோய் மாத்திரையும் இன்னும் அவசரமானவை. அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம்.

சாட்சிக்கு அவசரப்படுத்துதல்

பரிசோதனை முடிவு கைக்கு வரும்வரை, சுகமானதைச் சபை முன் சாட்சியாகச் சொல்ல மேடையும் மைக்கும் வேண்டாம்.

எண்ணெய் பூசுதல்

எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி நோயாளிதான் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும் என்கிறது யாக்கோபு 5:14. அழையாமல் குப்பியோடு போய் நிற்காதீர்கள்.

மரணத்தைப் பற்றிப் பேசவிடாமல் தடுத்தல்

புற்றுநோய் முற்றிய ஒரு பாட்டி, தன் வளையல்களை யாருக்குக் கொடுப்பது என்று சொல்லத் தொடங்கியபோது, என்னோடு வந்த தம்பி, "அப்படிச் சொல்லாதீங்க பாட்டி, ஆண்டவர் எழுப்பிவிடுவார்" என்று குறுக்கிட்டார். பாட்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பவுல் மூன்று முறை வேண்டியும் அவரை வருத்திய, 'மாம்சத்திலுள்ள முள்' என்று அவர் சொன்ன வேதனை நீங்கவில்லை. தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததையும் அவரே எழுதுகிறார். சுகத்துக்காக ஜெபியுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் அதற்கு முன் நோயாளி சொல்ல வந்ததை முழுவதும் கேளுங்கள். யாரைப் பார்க்க விரும்புகிறார் என்று விசாரித்து, அவர்களுக்குத் தகவல் அனுப்புங்கள். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதை அவரிடமே கேட்டுவிட்டு ஜெபியுங்கள்.