பேப்பரில் உங்கள் பெயர்: ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் துறையில் புதிதாகப் பிஎச்.டி. சேர்ந்த பிள்ளைகளின் முதல் கட்டுரைகளைச் சமீபத்தில் வரிசையாகப் படிக்க வேண்டி வந்தது. ஆய்வு நன்றாகவே இருக்கிறது, ஆங்கிலமும் பரவாயில்லை. ஆனால் தலைப்புக்குக் கீழே, யார் எழுதியது என்று சொல்லும் அந்த ஒரு வரியில், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த தவறுகள் ஒன்று விடாமல் திரும்ப வந்திருக்கின்றன. அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. இன்றைக்கு ஆளிருந்தும் யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை.

எழுத்துப்பிழை, கல்லூரி முகவரி விடுபடுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவற்றை ஜர்னல்காரர்களே பிடித்துவிடுவார்கள். யாரும் பிடிக்காத, பின்னால் சரிசெய்யப் போனால் படாதபாடு படுத்தும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

பேப்பருக்குப் பேப்பர் பெயரை மாற்றிப் போடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். கொடுக்க வேண்டிய விலையும் இதற்குத்தான் அதிகம்.

நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால், நம் பெயர் பின்னால். ஊர்ப் பெயரும் சேர்ந்தால் இரண்டு எழுத்து. உள்ளூரில் இதில் ஒரு குழப்பமும் இல்லை. ஜர்னலின் இணையதளத்தில் கட்டுரையை ஏற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே 'ஃபர்ஸ்ட் நேம்', 'லாஸ்ட் நேம்' என்று இரண்டு கட்டம், இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. கெடு முடியப் போகிற ராத்திரியில் மாணவர் என்ன செய்வார்? ஒருவர் லாஸ்ட் நேமில் இனிஷியலைப் போடுகிறார். இன்னொருவர் அப்பாவின் முழுப் பெயரைப் போடுகிறார். சிலர் வெறும் புள்ளி வைத்துவிட்டு நகர்கிறார்கள். தன் பெயரையே இரண்டு கட்டத்திலும் அடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கவிதா என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் முருகேசன். முதல் பேப்பரில் எம். கவிதா. அப்புறம் வெளிநாட்டு மாநாட்டுக்காகப் பாஸ்போர்ட் எடுத்தார். அதில் அப்பா பெயர் சர்நேம் ஆகிவிட்டது. பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று அடுத்த இரண்டு பேப்பரில் கவிதா முருகேசன். பிறகு கல்யாணம். கணவர் பெயர் ராஜேந்திரன், ஆதார் அட்டையில் இனிஷியல் மாறியது, பேப்பரிலும் ஆர். கவிதா. வீட்டுக்கும் துறைக்கும் மூன்றும் ஒரே ஆள். ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோப்பஸ் போன்ற தரவுத்தளத்துக்கு மூன்று பேர்: 'கவிதா, எம்.', 'முருகேசன், கே.', 'கவிதா, ஆர்.' அவருடைய நல்ல பேப்பர் ஒன்றை உலகம் 'முருகேசன் மற்றும் பலர்' என்றுதான் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறது. முருகேசன் ஆய்வகப் பக்கமே வந்ததில்லை.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். எச்-இண்டெக்ஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்த அளவுகோல் அது. குறைந்தது ஐந்து முறை மேற்கோள் காட்டப்பட்ட ஐந்து பேப்பர் இருந்தால் உங்கள் எண் 5. ஒருவருக்கு ஆறு பேப்பர், அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் 14, 11, 8, 6, 5, 3 என்றால் எச்-இண்டெக்ஸ் 5. அதே ஆறும் மூன்று பெயரில் இரண்டிரண்டாகப் பிரிந்தால்? இரண்டு பேப்பர் இருக்கிற கணக்கில் 2-க்கு மேல் போகவே முடியாது. எந்தப் பெயரைத் தட்டித் தேடினாலும் 2-தான் வரும். உழைப்பு ஒரு துளிகூடக் குறையவில்லை, எண் மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது.

ஓர் ஆய்வு நிறுவனத்தில் கவிதாவுக்கு நேர்காணல். குழுவில் ஒருவர் அங்கேயே கணினியில் தேடிவிட்டு, "ஆறு பேப்பர்னு போட்டிருக்கீங்க, இங்க ரெண்டுதாம்மா காட்டுது" என்றிருக்கிறார். இவர் செல்போனில் ஒவ்வொரு பிடிஎஃப்பாகத் திறந்து, முருகேசன் என் அப்பா, ராஜேந்திரன் என் கணவர் என்று விளக்க வேண்டியதாயிற்று. வேலை கிடைக்கவில்லை. காரணம் இது மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் தன் பெயரை நிரூபிப்பதில் போனது. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. முதல் பேப்பரை அனுப்பும் முன் யாராவது ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

எந்த வடிவம் சரி? எதுவானாலும் சரி, கடைசிவரை அதுவே இருக்க வேண்டும். சீனிவாச ராமானுஜன், சுப்ரமணியன் சந்திரசேகர் இருவரும் அப்பா பெயரை முன்னால் வைத்து, தம் பெயரைக் கடைசியில் வைத்தார்கள். அதனால்தான் வெண்குள்ளி விண்மீன்களின் நிறை வரம்புக்குச் 'சந்திரசேகர் எல்லை' என்று அவருடைய சொந்தப் பெயரே நிலைத்தது. சிதம்பரத்தில் பிறந்து 2009-இல் வேதியியல் நோபல் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் நேர்மாறு. அவர் பெயர் வெங்கட்ராமன், ராமகிருஷ்ணன் அப்பா பெயர். உலகம் அவரை 'ராமகிருஷ்ணன், வி.' என்றுதான் மேற்கோள் காட்டுகிறது. இரண்டு வழியும் செல்லும். நடுவில் தடம் மாறுவதுதான் செல்லாது.

என்னைக் கேட்டால், அப்பா பெயரை முழுதாக விரித்து ஃபர்ஸ்ட் நேமிலும், உங்கள் பெயரை லாஸ்ட் நேமிலும் போடுங்கள். ஒற்றை இனிஷியலோடு உங்கள் பெயரில் இன்னும் எத்தனையோ பேர் எழுதிக்கொண்டிருப்பார்கள். விரித்து எழுதினால் அந்தக் கூட்டத்தில் கலக்க மாட்டீர்கள். லாஸ்ட் நேமில் ஒற்றை எழுத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். மேற்கோள் பட்டியலில் 'எம், கே.' என்று வரும், அது யாரென்று யாருக்கும் தெரியாது. ஆங்கில எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். பெயரில் ழகரம் இருந்தால் 'எல்' போடப் போகிறீர்களா, 'இசட் எச்' போடப் போகிறீர்களா என்று முதல் நாளே முடிவுசெய்து, பிறகு தொடாதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் என்ன வேண்டுமானாலும் மாறட்டும், பேப்பரில் பழைய பெயரே இருக்கட்டும். சட்டப்படியான பெயரும் எழுதும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று பொதுவாக எந்த ஜர்னலும் கேட்பதில்லை.

அப்புறம் ஆர்கிட் (ORCID) எண். பெயர் எப்படி மாறினாலும் ஆளை அடையாளம் காட்ட ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தரப்படும் தனி எண் அது. 2012-இல் வந்தது, பதினாறு இலக்கம், இலவசம். முதல் பேப்பருக்கு முன்பே எடுத்துவிடுங்கள். வேறு வடிவங்களில் வெளிவந்த பெயர்களையும் அதிலேயே பதிந்து வைக்கலாம். இதிலும் ஒரு பொறி உண்டு. கல்லூரி மின்னஞ்சலில் ஒன்று, ஜிமெயிலில் ஒன்று என்று இரண்டு எண் எடுத்து வைக்கிறார்கள். ஒன்றுதான் இருக்க வேண்டும், அதில் இரண்டு மின்னஞ்சலையும் சேர்த்துவிட வேண்டும். கல்லூரியை விட்டு வெளியே வந்ததும் அந்த முகவரி செத்துவிடும், கடவுச்சொல்லை மீட்கக்கூட வழியிருக்காது.

ஏற்கெனவே பிரிந்துவிட்டதா? ஸ்கோப்பஸில் ஒரே ஆளின் பக்கங்களை ஒன்றாக இணைக்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம், காசு கிடையாது. வெப் ஆஃப் சயின்ஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்திலும் 'இது என் பேப்பர்' என்று உரிமை கோரலாம். கூகுள் ஸ்காலரில் தானாகச் சேர்க்கும் வசதியை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயருள்ள வேறொருவரின் பேப்பர் உங்கள் கணக்கில் வந்து உட்காரும், கேள்வி கேட்பவர்கள் உங்களைத்தான் கேட்பார்கள்.

எச்.ஓ.டி. பெயரை மரியாதைக்குச் சேர்ப்பது

பிள்ளைகளின் பயம் எனக்குப் புரிகிறது. கையெழுத்து போட வேண்டியவர் அந்தத் துறைத் தலைவர்தான். ஆனால் மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்திருப்பதைப் பாருங்கள். ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவைச் சேகரித்து அலசுவதிலோ கணிசமான பங்கு வேண்டும். கட்டுரையை எழுதியோ ஆழமாகத் திருத்தியோ இருக்க வேண்டும். கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையில் எந்தக் கேள்வி எழுந்தாலும் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். நிதி வாங்கித் தந்தது, துறையை நிர்வகித்தது, பொதுவாக மேற்பார்வை பார்த்தது இவை மட்டும் போதாது. அவர்களுக்கு நன்றியுரையில் இடம் இருக்கிறது, அதில் தாராளமாக எழுதுங்கள்.

நேரில் மறுத்துச் சொல்லத் தயக்கமாக இருந்தால் ஜர்னலின் விதிமுறைப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய், "சார், இதில் எல்லோருடைய பங்கையும் எழுதச் சொல்கிறார்கள், உங்கள் பங்கு என்னவென்று போடட்டும்?" என்று பணிவாகக் கேளுங்கள். உண்மையில் பங்களித்தவர் சட்டென்று சொல்லிவிடுவார். பங்களிக்காதவர்களில் பலர் தாமாகவே விலகிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

காசு கொடுத்து ஆசிரியர் இடம் வாங்குவது

வேண்டாம்.

வரிசையைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம் என்று விடுவது

பெயர்களின் வரிசை துறைக்குத் துறை வேறு. கணிதத்திலும் பொருளாதாரத்திலும் பெரும்பாலும் அகர வரிசை, அங்கே முதல் பெயருக்குத் தனி மதிப்பு இல்லை என்பது ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாடும் முழுக்கப் பலிக்கவில்லை. எய்னவ், யாரிவ் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளில் அகர வரிசையில் முன்னால் வரும் பெயருள்ளவர்களுக்கு நிரந்தரப் பணி கிடைக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது தெரியவந்தது. உயிரியலில் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. வேறு துறைக்காரரோடு சேர்ந்து எழுதும்போது அவர் ஒரு வழக்கத்தை மனதில் வைத்திருப்பார், நீங்கள் வேறொன்றை.

நம் ஊரில் இது கல்லூரி வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கணக்கிடும் மதிப்பெண்ணையே நேராகத் தொடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி இருவர் எழுதினால் அந்தக் கட்டுரைக்குரிய மதிப்பெண்ணில் ஆளுக்கு 70 சதவீதம். இரண்டுக்கு மேற்பட்டவர்கள் என்றால் முதல் ஆசிரியருக்கோ, ஜர்னலோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் தொடர்பு ஆசிரியருக்கோ 70, மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் 30. இரண்டாவது ஆளாக இருந்த நீங்கள், மூன்றாவதாக ஒரு பெயர் கடைசி நேரத்தில் நுழைந்த அன்றைக்கு 70-லிருந்து 30-க்கு இறங்குகிறீர்கள். இது யாருடைய பெருந்தன்மைக்கும் விட்டுவைக்கிற விஷயமல்ல. சோதனை தொடங்கும்போதே பேசி, பேசியதை ஒரு மின்னஞ்சலில் எல்லோருக்கும் அனுப்பி வையுங்கள். வேலை மாறினால் வரிசையையும் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்ற ஒரு தொடக்கம் எழுத்தில் இருக்க வேண்டும்.

சாட்ஜிபிடியை ஆசிரியராகப் போடுவது

பொறுப்பேற்க முடியாதது ஆசிரியராக முடியாது. பயன்படுத்தியிருந்தால் எதற்கு என்று கட்டுரைக்குள் எழுதுங்கள்.

ஜர்னலின் எண்ணைத் தன் எண்ணாக நினைப்பது

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஒரு ஜர்னல் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களின் சராசரி. அதில் உங்கள் பேப்பரைப் பற்றி ஒன்றுமே இல்லை. 'நேச்சர்' இதழே 2005-இல் தன் கணக்கைத் திறந்து காட்டியது. அந்த எண்ணின் 89 சதவீதம் வெறும் 25 சதவீதக் கட்டுரைகளால் வந்தது. சி.வி.யில் ஒவ்வொரு பேப்பருக்கும் பக்கத்தில் ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை எழுதுவதைவிட, அந்தப் பேப்பரில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

எச்-இண்டெக்ஸுக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. வரிசையில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அது பார்ப்பதே இல்லை. ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து 2015-இல் வெளிவந்த கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். மொத்தம் 33 பக்கம், அதில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். அந்தப் பேப்பருக்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் 5,154 பேரின் கணக்கிலும் முழு ஒன்றாக ஏறும். ஆகவே துகள் இயற்பியல்காரரின் எண்ணை ஒரு கணிதக்காரரின் எண்ணோடு ஒப்பிட்டு மனம் நொந்துபோகாதீர்கள்.

அனுப்பிய பிறகு பெயரைச் சேர்ப்பது, எடுப்பது

முடியாது என்றில்லை, ஆனால் கடினம். பெரும்பாலான ஜர்னல்கள் காரணம் கேட்கும், பட்டியலில் இருக்கும் எல்லோரிடமும் எழுத்துப்பூர்வ ஒப்புதல் கேட்கும். நீக்கப்படுகிறவருடைய ஒப்புதலும் வேண்டும். ஒருவர் கையெழுத்து போட மறுத்தால் கட்டுரை அப்படியே நிற்கும். அந்தச் சண்டையில் ஜர்னலின் ஆசிரியர் தீர்ப்பு சொல்ல மாட்டார், பொதுவாக உங்கள் நிறுவனமே விசாரித்து முடிவு சொல்லட்டும் என்று திருப்பி அனுப்பிவிடுவார். யார் எந்த நாளில் எந்தச் சோதனையைச் செய்தார்கள் என்று தேதி போட்டு எழுதிய ஆய்வக நோட்டு அப்போதுதான் உதவும். படிப்பு முடிந்து போகும்போது அசல் நோட்டை ஆய்வகத்தில் வைத்துவிட்டு, நெறியாளரிடம் சொல்லி ஒரு நகலை எடுத்துக்கொண்டு போங்கள்.