வேகமான வைஃபைக்கு மாறும்போது வீட்டில் நடக்கும் தவறுகள்

சிங்கப்பூரின் செங்காங்கில் இருக்கும் அண்ணி போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அழைத்தார். இணையத் திட்டத்தை ரீகாண்ட்ராக்ட் செய்திருக்கிறார்கள், 10 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 10 ஜிகாபிட்) வேகம், கூடவே புத்தம்புது வைஃபை 7 ரவுட்டர், ஆள் வந்து பொருத்திக் கொடுத்துவிட்டும் போயிருக்கிறார். அண்ணன் கைப்பேசியில் வேகம் பறக்கிறது. ஆனால் வீடு கூட்டும் ரோபோ அசையவில்லை, வாசல் கேமரா வரவில்லை, பிரிண்டருக்கு வைஃபையே தெரியவில்லை, அம்மா அறை டிவியில் நாடகம் நின்று நின்று ஓடுகிறது. "பழைய ரவுட்டரையே மாட்டிடலாமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் அண்ணி, மத்தியானம் வருகிறேன் என்றேன்.

2024 வரவுசெலவுத் திட்டத்தில் நாடளாவிய இணையக் கட்டமைப்பை மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கப்படும் என்று அறிவித்ததிலிருந்து 10 ஜிபிபிஎஸ் பேச்சு எல்லார் வீட்டிலும் நடக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் நம்மில் பலர் ரவுட்டரை மட்டும் பார்த்து முடிவு எடுக்கிறோம். இரண்டு கை தட்டினால்தானே ஓசை? ரவுட்டர் எந்த அலைவரிசையில் பேசினாலும், அதே அலைவரிசையில் பேசத் தெரிந்த சாமான் எதிரே இருந்தால்தான் அந்த வேகம் கிடைக்கும். அதனால் முதல் தவறு என்று நான் சொல்வது இதைத்தான்: வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் ரவுட்டர் வாங்குவது.

கொஞ்சம் அடிப்படை சொல்லிவிடுகிறேன், பிறகு எல்லாம் சுலபமாகப் புரியும். வீட்டு வைஃபை மூன்று அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பழையது, சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் இடம் குறைவு. அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகளைச் சேனல் என்பார்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் அதில் மூன்றுதான் (1, 6, 11), அந்த மூன்றையும் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், அதோடு புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் வந்து இரைகின்றன. 5 ஜிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம், வேகம் அதிகம், சுவர் என்றால் தடுமாறும். 6 ஜிகாஹெர்ட்ஸ் இன்னும் புதியது, நெரிசலே இல்லாத சாலை மாதிரி, ஆனால் சுவருக்குப் பின்னால் சீக்கிரமே சோர்ந்துவிடும்.

இந்த 6 ஜிகாஹெர்ட்ஸில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். பெயரில் வைஃபை 6 என்று இருந்தால் 6 ஜிகாஹெர்ட்ஸும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த 6 தலைமுறையின் எண், அலைவரிசையின் எண் இல்லை. வைஃபை 6 என்பது 2.4, 5 இரண்டில் மட்டும் ஓடும். 6 ஜிகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் வைஃபை 6இ என்று இருக்க வேண்டும். வைஃபை 7 என்று போட்டிருந்தாலும் 6 ஜிகாஹெர்ட்ஸ் உண்டா என்று தனியாகப் பாருங்கள், ஏனென்றால் விலை குறைந்த வைஃபை 7 ரவுட்டர்கள் சிலவற்றில் அது கிடையாது. கைப்பேசியிலும் இதே கதை. ஐஃபோன் 15 புரோவில் 6 ஜிகாஹெர்ட்ஸ் உண்டு, அதே ஆண்டு வந்த சாதாரண ஐஃபோன் 15இல் இல்லை. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 வைஃபை 6 வரைதான். மடிக்கணினியில் வைஃபை 6இ அட்டை இருந்தும் விண்டோஸ் 10 ஓடினால் 6 ஜிகாஹெர்ட்ஸ் தெரியாது, அதற்கு விண்டோஸ் 11 வேண்டும். அண்ணி வீட்டில் எண்ணிப் பார்த்தோம். பதினெட்டுச் சாமான்கள், அதில் 6 ஜிகாஹெர்ட்ஸ் பேசத் தெரிந்தவை இரண்டே இரண்டு, அண்ணன் கைப்பேசியும் மகளின் மடிக்கணினியும்.

வெளிநாட்டில் இருந்து ரவுட்டர் வரவழைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 5925 முதல் 7125 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 1200 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் வைஃபைக்குத் திறந்துவிட்டார்கள். சிங்கப்பூரில் 2023இல் அனுமதி கிடைத்தது 5925 முதல் 6425 வரை, 500 மெகாஹெர்ட்ஸ். வைஃபை 7 விளம்பரங்களில் பெருமையாகச் சொல்லும் 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனல் இந்த இடத்துக்குள் ஒன்றுதான் அடங்கும், 160 அகலம் என்றால் மூன்று. அமெரிக்க விமர்சனக் காணொளியில் பார்த்த எண்ணிக்கையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அதைவிட முக்கியம், அந்த நாட்டுக்கென்று பூட்டிய ரவுட்டர் இங்கே அனுமதியில்லாத சேனலில் ஒலிபரப்பக்கூடும், நம் சாமான்கள் அதைக் கண்டுகொள்ளாமல் போகும், சட்டப்படியும் தவறு. பெட்டியிலோ ரவுட்டரின் அடியிலோ ஐஎம்டிஏ (சிங்கப்பூரின் தகவல்தொடர்பு ஆணையம்) தரத்துக்கு உட்பட்டது என்ற ஒட்டுச்சீட்டு, டிஏ என்று தொடங்கும் எண்ணோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இணையத்தில் முப்பது வெள்ளி குறைவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம்.

சரி, அண்ணி வீட்டுக்கு வருவோம். ரோபோ, கேமரா, இரண்டு விளக்கு, ஒரு பிளக், பிரிண்டர், இவை எல்லாம் 2.4 மட்டும் தெரிந்தவை. இது மலிவான சரக்கு என்பதால் இல்லை. இந்த மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு வேகம் தேவையில்லை, தூரம்தான் தேவை, அதனால் தயாரிப்பாளர்களே 2.4 சில்லை வைக்கிறார்கள். இது தெரியாமல் "பழசு எதுக்கு" என்று 2.4ஐ அணைத்துவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. தயவுசெய்து அணைக்காதீர்கள்.

ஆனால் அங்கே 2.4 ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் ஏன் எல்லாம் விழுந்தன? பொருத்தியவர் இரண்டு காரியம் செய்திருந்தார். வைஃபைக்குப் புதுப் பெயரும் புதுக் கடவுச்சொல்லும் கொடுத்திருந்தார், பாதுகாப்பை டபிள்யூபிஏ3 (வைஃபையைப் பூட்டும் முறையில் புதியது, அதற்கு முந்தையது டபிள்யூபிஏ2) மட்டும் என்று வைத்திருந்தார். முதலாவதற்கு மருந்து ரொம்ப எளிது. புது ரவுட்டருக்குப் பழைய ரவுட்டரின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல் கொடுங்கள். சாமான்களுக்கு ரவுட்டர் மாறியதே தெரியாது, தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே இதை எழுதி வையுங்கள்.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கம். 6 ஜிகாஹெர்ட்ஸுக்கு டபிள்யூபிஏ3 கட்டாயம், அதில் பேரம் கிடையாது. மூன்று அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்தால் சில ரவுட்டர்கள் எல்லாவற்றையும் டபிள்யூபிஏ3க்கு இழுத்துக்கொண்டு போய்விடும். பழைய பிரிண்டருக்கும் கேமராவுக்கும் டபிள்யூபிஏ2 வரைதான் தெரியும், அவை கதவுக்கு வெளியே நிற்கும். நான் செய்தது இது: 2.4, 5 இரண்டுக்கும் வீட்டின் பழைய பெயர், பாதுகாப்பு டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்தது. 6 ஜிகாஹெர்ட்ஸுக்கு வேறு பெயர், டபிள்யூபிஏ3 மட்டும். பாதுகாப்பே இல்லாமல் திறந்து விடுவதோ, ரொம்பப் பழைய டபிள்யூஇபிக்குப் போவதோ தீர்வு இல்லை, ஒரு பிரிண்டருக்காக வீட்டையே திறந்து போடக் கூடாது.

பெயரை மீட்டதும் கேமராவும் விளக்குகளும் தாமாக வந்துவிட்டன. ரோபோ மட்டும் வரவில்லை, ஏனென்றால் அண்ணி காலையிலேயே அதை ரீசெட் செய்திருந்தார். புதிதாகச் சேர்க்கும்போது கைப்பேசி 5 ஜிகாஹெர்ட்ஸில் இருந்தால் சில செயலிகள் குழம்பி, சாமானைத் தேடிக்கொண்டே இருந்துவிட்டுத் தோல்வி என்று சொல்லும். அப்போது 5ஐ ஐந்து நிமிடம் அணைத்துவிட்டுச் சேர்க்கலாம், அல்லது விருந்தினர் வைஃபையை 2.4இல் மட்டும் திறந்து இந்தச் சின்னச் சாமான்களை எல்லாம் அங்கேயே குடிவைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன். வீட்டுக் கணினியில் இருந்து அவை தள்ளி இருப்பது பாதுகாப்புக்கும் நல்லது. அமெரிக்காவில் வாங்கிய சாமான் ஏதாவது இருந்தால் 2.4 சேனலைத் தானியங்கியில் விடாமல் 1, 6, 11இல் ஒன்றில் வையுங்கள். இங்கே 13 வரை அனுமதி உண்டு, அங்கே வாங்கிய பலவற்றுக்கு 12ம் 13ம் கண்ணிலேயே படாது.

மகனின் பழைய மடிக்கணினி இன்னொரு வேடிக்கை காட்டியது. பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, சொந்த வீட்டு வைஃபை தெரியவில்லை. இன்டெல் வைஃபை அட்டை உள்ள பழைய மடிக்கணினிகளில் இது நடக்கும், பழைய டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) வைஃபை 6 சமிக்ஞையைப் பார்த்தால் அந்தப் பெயரையே பட்டியலில் காட்டாது. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியே டிரைவரைப் புதுப்பித்தோம், வந்துவிட்டது. மடிக்கணினியைத் தூக்கிப் போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

இனி அம்மாவின் டிவி. இதில் குற்றவாளி பாம்ப் ஷெல்டர், அதாவது வீட்டுக்குள்ளேயே கட்டிய தற்காப்பு அறை. கொஞ்சம் புதிய வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் ஃபைபர் பெட்டி பல நேரம் அங்கேயோ அதன் அருகிலோதான் இருக்கிறது, ரவுட்டரையும் பக்கத்திலேயே வைத்து, பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று கதவைச் சாத்திவிடுகிறோம். குண்டு விழுந்தாலும் தாங்குவதற்காகக் கட்டிய கான்கிரீட் சுவர், உள்ளே இரும்புக் கம்பி, வாசலில் இரும்புக் கதவு. 2.4 எப்படியோ கசிந்து வெளியே வரும், 5 திணறும், 6 அங்கேயே முடங்கிவிடும். எவ்வளவு விலை கொடுத்த ரவுட்டரும் அந்த அறைக்குள் இருந்தால் வீண். அதற்காகச் சுவரில் ஓட்டை போட்டுக் கேபிள் இழுக்கவும் கூடாது, தற்காப்பு அறையின் சுவரை உடைக்க அனுமதி இல்லை. ஃபைபர் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு நீளமான லேன் கேபிளை வாசல் வழியே கூடத்துக்கு இழுத்து ரவுட்டரை டிவி மேசைக்கு மேல், திறந்த இடத்தில் வைத்தோம். கதவை மூட வேண்டி வந்தால் சட்டென்று கழற்றிவிடலாம். கேபிள் வாங்கும்போது கேட் 6 பாருங்கள். பழைய கேட் 5 கேபிள் ஏதோ மூலையில் கிடந்ததே என்று எடுத்து மாட்டினால் 10 ஜிபிபிஎஸ் அங்கேயே செத்துவிடும்.

கேபிள் என்றதும் அண்ணன் டிவிக்கும் ஒன்று இழுக்கலாம் என்றார். கேபிள் என்றால் வைஃபையைவிட வேகம் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் துளை இன்றைக்கும் 100 எம்பிபிஎஸ்தான். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ், அதனால் படம் நன்றாகவே ஓடும், பாதகம் இல்லை. கேபிள் போட்டும் வேகச் சோதனையில் 94தான் காட்டுகிறது என்று இணைய நிறுவனத்தைத் திட்ட வேண்டாம், அவ்வளவுதான். அம்மா டிவியை 5 ஜிகாஹெர்ட்ஸிலேயே விட்டோம்.

நாலரை மணிக்கு ரோபோ கூடத்தைக் கூட்டத் தொடங்கியது. அம்மா அதைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, காலையில் பாதியில் நின்ற நாடகத்தை முதலிலிருந்து போடச் சொன்னார்.