வீட்டுக் கணினியில் ட்ரோஜன்: அடையாளம் காண்பதும் உள்ளே விடாமல் தடுப்பதும்

கணினியில் எது வந்தாலும் "வைரஸ் வந்துடுச்சு" என்றுதான் சொல்கிறோம், ஆனால் வீட்டுக் கணினிகளில் இன்று மாட்டுவதில் நிறைய ட்ரோஜன் வகை. வைரஸ் ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகத் தொற்றிக்கொள்ளும். ட்ரோஜன் அப்படிச் செய்யாது, வேண்டிய ஏதோ ஒன்றைப் போல வேஷம் போட்டு வரும், நாமேதான் டபுள் கிளிக் செய்து உள்ளே விட வேண்டும். அதனால் ஆன்டிவைரஸ் செய்யும் வேலையை விட, திறப்பதற்கு முன்னால் நாம் பார்க்கும் பார்வைக்குத்தான் இங்கே பலன் அதிகம்.

கீழே உள்ளது விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு. மேக்கிலும் ட்ரோஜன் வரும், மெனுக்கள் வேறு என்பதால் அதை இங்கே தொடவில்லை.

படி 1: கோப்பின் முழுப் பெயரும் தெரியும்படி மாற்றுங்கள்

விண்டோஸ் தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் வாலை, அதாவது எக்ஸ்டென்ஷனை, மறைத்தே காட்டும். "இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ" என்று ஒரு கோப்பு வந்தால் உங்கள் கண்ணுக்கு "இன்வாய்ஸ்.பிடிஎஃப்" மட்டும்தான் தெரியும், ஐகானையும் பிடிஎஃப் போலவே வைத்திருப்பார்கள். 2000ஆம் ஆண்டில் உலகம் முழுக்கப் பரவிய "ஐ லவ் யூ" (அது வார்ம் வகை, அதாவது தானாகவே கணினி விட்டுக் கணினி பரவுவது, ஆனால் தந்திரம் இதேதான்) வெறும் டெக்ஸ்ட் கோப்பு போலத் தெரிந்ததற்கும் இந்த மறைப்புதான் காரணம். இத்தனை வருஷம் கழித்தும் இந்த அமைப்பை ஏன் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, அதில் ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10இல் வியூ டேபிலேயே இருக்கும். இனி பில், ஃபோட்டோ, ரெஸ்யூம் என்று சொல்லி வந்த கோப்பின் கடைசியில் இஎக்ஸ்இ, எம்எஸ்ஐ, எஸ்சிஆர், பேட், விபிஎஸ், ஜேஎஸ், எல்என்கே, ஐஎஸ்ஓ என்று ஏதாவது இருந்தால் தொடாதீர்கள்.

படி 2: எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதல் வழி எல்லோருக்கும் தெரிந்தது: கிராக் செய்த சாஃப்ட்வேர், கேம் சீட், கீஜென் (திருட்டு லைசென்ஸ் கீ உருவாக்கித் தரும் நிரல்). "இன்ஸ்டால் செய்யும் முன் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்" என்று கூடவே ஒரு குறிப்பு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, தேடல் விளம்பரம். ஒரு இலவச மென்பொருளின் பெயரைத் தேடினால் மேலே வரும் முதல் முடிவு விளம்பரமாக இருக்கலாம், அது அசல் தளத்தை அப்படியே நகலெடுத்த போலித் தளத்துக்குக் கொண்டுபோகலாம். விளம்பரத்தைத் தாண்டிக் கீழே வந்து, முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு டவுன்லோடு செய்யுங்கள்.

மூன்றாவது, மின்னஞ்சலோடு இணைத்து வரும் கோப்பு. 2014இல் தலைகாட்டிய எமோடெட் என்ற ட்ரோஜன் இப்படித்தான் பரவியது. வேர்ட் கோப்பைத் திறந்து "எனேபிள் கன்டென்ட்" பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் மேக்ரோ, அதாவது கோப்புக்குள் எழுதிவைத்த சிறு நிரல், ஓடும். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை 2022இல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்க ஆரம்பித்தது. சரி, ட்ரோஜன் அனுப்புபவர்கள் அதோடு விட்டார்களா என்றால் இல்லை, பாஸ்வேர்டு போட்ட ஜிப் பக்கம் போனார்கள். பாஸ்வேர்டையும் அதே மின்னஞ்சலிலேயே எழுதி அனுப்புவார்கள். பூட்டும் சாவியும் ஒரே கடிதத்தில் வந்தால் அந்தப் பூட்டு உங்களுக்காகப் போட்டதில்லை, நடுவில் இருக்கும் ஸ்கேனரால் திறந்து பார்க்க முடியாதபடி போட்டது.

நான்காவதைத்தான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். ஏதோ ஒரு தளத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதி செய்யுங்கள்" என்று வரும். அழுத்தினால், விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர் என்று வழி சொல்லும். நீங்கள் அந்தப் பொத்தானை அழுத்தியபோதே ஒரு கட்டளையை கிளிப்போர்டில் காப்பி செய்திருப்பார்கள், விண்டோஸ் கீயும் ஆரும் திறக்கும் ரன் பெட்டியில் நீங்கள் ஒட்டி என்டர் தட்டியதும் அது பவர்ஷெல் (கட்டளைகளை இயக்கும் விண்டோஸின் கருவி) வழியாக ஓடி ட்ரோஜனை இறக்கிவிடும். பிரவுசர் எதையும் டவுன்லோடு செய்யவில்லை, அதனால் பிரவுசரின் எச்சரிக்கையும் வராது. இதற்கு கிளிக்ஃபிக்ஸ் என்று பெயர். உண்மையான கேப்ட்சா எதுவும் உங்களை பிரவுசருக்கு வெளியே போகச் சொல்லாது, ரன் பெட்டியில் எதையும் ஒட்டச் சொல்லாது. வீட்டில் கணினியைத் தொடும் எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, இதை ஒருமுறை சொல்லிவையுங்கள்.

படி 3: சந்தேகம் வந்தால் திறக்காமலே சோதியுங்கள்

வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பை ஏற்றினால் பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். இரண்டு விஷயம். ஏற்றும் கோப்புகள் பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் பகிரப்படும், அதனால் சொந்த ஆவணங்களை அங்கே போடாதீர்கள். அப்புறம், எல்லாமே பச்சையாக வந்தால் கோப்பு சுத்தம் என்று அர்த்தம் இல்லை, புத்தம் புதிதாக இருந்தால் இன்னும் யாருக்கும் பிடிபட்டிருக்காது.

படி 4: ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்

கணினி மெதுவாகிவிட்டது, ஃபேன் சத்தமாக ஓடுகிறது என்பதெல்லாம் பலவீனமான அறிகுறிகள், பழைய கணினி என்றாலே அப்படித்தான் இருக்கும். பாஸ்வேர்டு திருடும் வகை சில நிமிடங்களில் வேலையை முடித்துக்கொண்டு தடமே இல்லாமல் போய்விடவும் கூடும். நான் பார்க்கச் சொல்வது இவற்றை:

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் வழியாக எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலுக்குப் போங்கள். "இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே" என்று விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டருக்கே சொல்லிவைப்பது ட்ரோஜன்களின் வழக்கம். நீங்களோ நீங்கள் போட்ட மென்பொருளோ சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால் அது பெரிய அறிகுறி. ரியல் டைம் பாதுகாப்பு ஆஃப் ஆகி, திரும்ப ஆன் செய்ய முடியாமல் இருந்தாலும் அதே.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்டார்ட்அப் பகுதியில் தெரியாத பெயர் இருந்தால் ரைட் கிளிக் செய்து, ஓபன் ஃபைல் லொகேஷன் கொடுங்கள். டெம்ப் ஃபோல்டருக்குள்ளோ விநோதமான பெயருள்ள ஃபோல்டருக்குள்ளோ கொண்டுபோனால் சந்தேகப்படலாம். விண்டோஸின் சொந்த நிரலான எஸ்விசிஹோஸ்ட் வழக்கமாக இருப்பது சிஸ்டம்32 ஃபோல்டரில், அதே பெயரில் டவுன்லோட்ஸ் பக்கம் ஒன்று இருந்தால் போலி. ஆனால் பெயர் புரியவில்லை என்பதற்காகப் பயத்தில் சிஸ்டம்32க்குள் எதையும் அழித்துவிடாதீர்கள்.

"உங்கள் கணினி பாதிக்கப்பட்டுவிட்டது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரை முழுக்க வந்து அலறினால், அந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். அது ஏமாற்று வேலை. டாஸ்க் மேனேஜர் வழியாக பிரவுசரை மூடினால் போதும்.

படி 5: மாட்டிக்கொண்டால், இந்த வரிசையில்

முதலில் வைஃபையை அணையுங்கள், கேபிள் என்றால் பிடுங்குங்கள். பிறகு வேறொரு கருவியில், உதாரணமாக உங்கள் கைப்பேசியில், மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற எல்லாக் கணக்கையும் அதை வைத்துத்தான் மீட்பார்கள். அதன் பிறகு வங்கி, மற்றவை. பாதிக்கப்பட்ட கணினியிலேயே மாற்றினால் புது பாஸ்வேர்டும் போய்விடும். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு என்ற வசதியையும் ஒவ்வொரு கணக்கிலும் கட்டாயம் பயன்படுத்துங்கள். பிரவுசரின் லாகின் குக்கியை, அதாவது நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதை நினைவில் வைக்கும் சிறு பதிவைத் திருடியிருந்தால், பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்காமலே அவர்களால் உள்ளே நுழைய முடியும்.

சுத்தம் செய்வது அதற்குப் பிறகுதான். ஸ்கேன் ஆப்ஷன்ஸில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு, கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே சோதிக்கும், சுமார் 15 நிமிடம் ஆகும். பிறகு ஃபுல் ஸ்கேன். கணினியை வெளியிலிருந்து இயக்கும் வகையோ வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் வகையோ பிடிபட்டால் நான் ஸ்கேனை நம்ப மாட்டேன், வேறொரு சுத்தமான கணினியில் 8 ஜிபி பென்டிரைவ் தயார் செய்து விண்டோஸை முதலிலிருந்து போட்டுவிடுவேன். ஃபோட்டோ, ஆவணங்களை மட்டும் காப்பி எடுங்கள், இன்ஸ்டாலர்கள் வேண்டாம்.

படி 6: இனி வராமல் இருக்க

அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்டு கணக்கு வையுங்கள், அட்மின் கணக்கு தனியாக இருக்கட்டும். இது முழுப் பாதுகாப்பு இல்லை, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டைத் திருட அட்மின் உரிமை தேவைப்படாது, அதனால் பாஸ்வேர்டுகளைத் தனி பாஸ்வேர்டு மேனேஜருக்கு மாற்றிவிடுவது நல்லது. அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. பேக்கப் எடுத்ததும் வெளி ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வையுங்கள், ட்ரோஜன் வழியாக ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகை) வந்தால் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.