போட்ஸ்வானாவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: எச்.ஐ.வி. பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

போட்ஸ்வானாவில் வேலை என்று சொன்னதும் ஊரில் யாராவது ஒரு சித்தப்பா, "அங்கே எய்ட்ஸ் ஜாஸ்தியாமே, பார்த்து இருப்பா" என்று எச்சரித்திருப்பார். அவர் சொன்னது பொய்யில்லை. 2021-ல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 15 முதல் 64 வயது வரை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஆனால் அதே கணக்கெடுப்பில் இன்னொரு தகவலும் உண்டு. தொற்று உள்ளவர்களில் 95 சதவீதம் பேருக்குத் தங்கள் நிலை தெரியும். தெரிந்தவர்களில் 98 சதவீதம் பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். சாப்பிடுகிறவர்களில் 98 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் வைரஸ் அடங்கிக் கிடக்கிறது. பணக்கார நாடுகள் பலவற்றிலேயே இந்த அளவு கிடையாது. சித்தப்பாவுக்கு இந்தப் பாதி தெரிய நியாயமில்லை. இங்கே குடித்தனம் நடத்தப்போகிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே சராசரி ஆயுள் 50-க்குக் கீழே போய்விட்டது. சனிக்கிழமை என்றால் சாவுச் சடங்கு என்று ஆகிப்போன காலம் அது. நாற்பது வயதைத் தாண்டிய எந்த மோட்ஸ்வானாவிடம் (இந்த நாட்டுக்காரரை அப்படித்தான் சொல்வார்கள்) பேசினாலும் அண்ணன், அக்கா, சித்தி என்று யாரையாவது பறிகொடுத்திருப்பார். அப்போதைய அதிபர் ஃபெஸ்டஸ் மொஹாய், நம் இனமே அழிந்துபோகும் ஆபத்தில் இருக்கிறது என்று 2001-ல் உலக மேடையிலேயே சொன்னார். தேசிய எய்ட்ஸ் குழுவுக்கு அவரே தலைவராக உட்கார்ந்தார். 2002 ஜனவரியில் 'மாசா' என்ற பெயரில் இலவச மருந்துத் திட்டம் தலைநகர் கபரோனேயின் பிரின்சஸ் மரீனா மருத்துவமனையில் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் ஒரு நாடு தன் குடிமக்கள் எல்லோருக்கும் அரசு மூலமாகவே இந்த மருந்தைக் கொடுக்க முன்வந்தது அதுதான் முதல் முறை. வைரச் சுரங்கத்துக் காசு கையில் இருந்தது. கேட்ஸ் அறக்கட்டளையும் மெர்க் நிறுவனமும் கைகொடுத்தன. காசு இருந்த வேறு நாடுகள் அப்போது நோயையே மறுத்துக்கொண்டிருந்தன என்பதையும் நினைவில் வையுங்கள். பக்கத்து நாடான தென்னாப்பிரிக்காவில் நடந்ததே அதற்குச் சாட்சி.

சரி, இப்போது அன்றாட விஷயங்கள்.

அரசு அலுவலகக் கழிப்பறை, எல்லைச் சாவடி, கிளினிக் வரவேற்பறை என்று போகிற இடமெல்லாம் சுவரில் ஒரு பெட்டி தொங்கும். உள்ளே இலவச ஆணுறை. நம் ஊர்க்காரர்கள் முதலில் நெளிவார்கள், குழந்தைகள் "அது என்னப்பா?" என்று கேட்பார்கள். கேட்டால் வயதுக்கேற்ப பதில் சொல்லிவிடுங்கள். எப்படியும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஆண்களுக்கான சுன்னத் அறுவைச் சிகிச்சைக்கும் சுவரொட்டிகள் இருக்கும். அதை மத விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தொற்று அபாயத்தைக் குறைப்பதால் சுகாதாரத் துறை பல ஆண்டுகளாக நடத்தும் இயக்கம் அது.

அடுத்து, நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம்: வீட்டு வேலைக்கு வருகிற பெண்.

ஆள் சேர்ப்பதற்கு முன் "ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லிடுங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா யோசனை சொல்வார். செய்யாதீர்கள். வேலையில் சேர எச்.ஐ.வி. பரிசோதனை கேட்கக்கூடாது என்பது இந்த நாட்டின் கொள்கை. 2003-லேயே ஒரு வீட்டுக்கடன் நிறுவனம், பரிசோதனைக்கு மறுத்த பெண் ஊழியரை நீக்கியதை இங்குள்ள தொழில் நீதிமன்றம் தவறு என்று தீர்ப்பளித்தது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பரிசோதனையால் உங்களுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. சமைப்பதிலோ, பாத்திரம் கழுவுவதிலோ, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவதிலோ இந்த வைரஸ் பரவாது. கொசு கடித்தும் பரவாது. இதையெல்லாம் படித்தவர்களே இன்னமும் கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

தினமும் ஒரே நேரத்தில் வீட்டு வேலைக்கு வருகிறவரின் ஃபோனில் அலாரம் அடிக்கலாம். கைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளை டப்பாவை எடுத்து, ஒரு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு மறுபடி துணி மடிக்கப் போய்விடுவார். டப்பாவில் ஐதராபாத் முகவரி இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆப்பிரிக்கா சாப்பிடும் எச்.ஐ.வி. மருந்துகளில் பெரும்பகுதி நம் நாட்டில் தயாராவதுதான். அந்த மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவின் மூலம்கூட அடுத்தவருக்குத் தொற்றாது. ஆகவே பயப்பட வேண்டியது மாத்திரை சாப்பிடுகிறவரைப் பார்த்து அல்ல. அவர் கிளினிக்குக்குப் போக லீவு கேட்டால் காரணம் கேட்காமல், சம்பளம் பிடிக்காமல் கொடுங்கள். அதே மாத்திரை டப்பா வேறு எதற்காகவும் இருக்கலாம், பிரஷர் மாத்திரையாகவும் இருக்கலாம். ஊர் முழுக்க வெளிப்படையாகப் பேசுகிறார்களே என்று தனி ஆளிடம் போய் விசாரிப்பது மட்டும் வேண்டாம். கூச்சமும் ஏச்சும் இங்கேயும் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை.

கர்ப்பமாக இருப்பவர்கள் கவனிக்க: முதல் செக்கப்பிலேயே எச்.ஐ.வி. பரிசோதனையும் சேர்த்து எடுப்பார்கள். "என்னைப் பார்த்தால் அப்படியா தெரியுது?" என்று கோபப்பட வேண்டியதில்லை, எல்லோருக்கும் உண்டு. 2004 முதல் இங்கே பரிசோதனை வழக்கமான ஒன்று. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இருப்பதே நல்லது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவார்களே, அதே கதைதான். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள், சிறிது நேரத்தில் முடிவு வந்துவிடும். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை இந்த நாடு எவ்வளவு தூரம் குறைத்திருக்கிறது என்றால், தொற்று அதிகமுள்ள நாடுகளில் உலக சுகாதார நிறுவனத்தின் வெள்ளிச் சான்றை 2021-ல் முதலில் பெற்றதும் இதுதான், 2025-ல் தங்கச் சான்றை முதலில் பெற்றதும் இதுதான்.

முன்பெல்லாம் வெளிநாட்டவருக்கு அரசின் எச்.ஐ.வி. மருந்து இலவசமாகக் கிடைக்காது. 2019-ல் அதை மாற்றினார்கள். அதனால் உங்களுக்கே தொற்று இருந்தாலும் மறைத்துக்கொண்டு ஊரிலிருந்து பார்சலில் மாத்திரை வரவழைக்க வேண்டிய அவசியமில்லை. பழைய மருந்துச் சீட்டோடு பக்கத்து கிளினிக்கில் போய்ப் பதிந்துகொள்ளுங்கள். நர்ஸிடம் "டுமேலா, ம்மா" என்று வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். வணக்கம் சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போனால் இங்கே முகம் சுளிப்பார்கள்.

குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருக்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. உபதேசம் செய்யப் போவதில்லை. சுவரில் தொங்கும் அந்தப் பெட்டி உங்களுக்கும் சேர்த்துத்தான். உறை கிழிந்தாலோ, வேறு விதத்தில் சந்தேகம் வந்தாலோ, மருத்துவமனையில் ஊசி குத்திக்கொண்டாலோ, 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இரவானாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆம்புலன்ஸ் எண் 997. நண்பனிடம் கேட்கிறேன், இணையத்தில் தேடுகிறேன் என்று இரண்டு நாளை வீணாக்குகிறவர்கள்தான் அதிகம். இன்னொன்று, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் காசநோய்க்கும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி. அதிகமுள்ள இடத்தில் அதுவும் கூடவே இருக்கும், காற்றில் பரவுவதும் அதுதான்.

கடைசியாக, சமீபத்திய நிலவரம். வைர விற்பனை சரிந்து அரசிடம் காசு தட்டுப்பாடு. அமெரிக்க உதவியும் 2025-ல் வெட்டப்பட்டது. அந்த ஆகஸ்டில் மருந்துப் பற்றாக்குறைக்காக அதிபர் டூமா போகோ பொதுச் சுகாதார அவசரநிலையே அறிவித்தார். எனவே சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று எது சாப்பிடுகிறவராக இருந்தாலும் மூன்று மாதத்திற்கான மருந்தை அசல் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கையில் கொண்டு வாருங்கள். இரண்டையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் மாறும்போது பெட்டி பின்தங்கிவிடுவது உண்டு.